வாடிய ஆர்க்கிட்: முதலில் வேரைப் பாருங்கள் (கேள்வி பதில்)

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆர்க்கிட் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாதிக்கு மேல் "இலை வாடுது, என்ன செய்ய?" என்பதுதான். படமும் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாப் படத்திலும் இலை இருக்கிறது, பூ இருக்கிறது, வேர் மட்டும் இல்லை. வீட்டு ஆர்க்கிட்டுக்குப் பெரும்பாலும் சீக்கு வேரில்தான் தொடங்கும். இலையில் தெரியும்போது அது பழைய சீக்காகியிருக்கும். நம் ஊர் வெயில் கொல்லும் ஆர்க்கிட்டைவிட நாம் ஊற்றும் தண்ணீர் கொல்லும் ஆர்க்கிட் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி – பெருமாள்புரம்: அண்ணாச்சி, பிறந்தநாளுக்கு வந்த ஃபெலனாப்சிஸ் செடி. வெள்ளைப் பூ, பீங்கான் தொட்டி. பூ எல்லாம் உதிர்ந்துட்டு. இப்போ இலை துவண்டு, சுருக்கம் விழுந்து கிடக்கு. தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துதேன். வெயிலா இருக்கேன்னு சாயங்காலமும் கொஞ்சம் தெளிக்கிறேன். இன்னும் கூட்டணுமா?

பதில்: வேண்டாம்மா, இன்றைக்கே நிறுத்துங்கள். செடி தாகத்தில்தான் வாடுகிறது, அது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாமல் அல்ல. தண்ணீரைக் குடிக்க அதற்கு வேர் இல்லை.

ஃபெலனாப்சிஸ் காட்டில் மண்ணில் வளர்வதில்லை. மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் விட்டு வாழ்கிற செடி. அதன் வேரைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை இருக்கும். மழை பெய்தால் அது பஞ்சு மாதிரி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அப்புறம் காற்றில் காயும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். எப்போதும் நனைந்தே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். வேர் போனபின் எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது. இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். பரிசாக வந்த செடிகள் பலவும் இப்படித்தான் சாகின்றன.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பீங்கான் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தனியாக இருக்கும். அதைத் தூக்கினால் பீங்கானின் அடியில் தண்ணீர் நிற்கும், ஏனென்றால் பல பீங்கான் தொட்டிகளுக்கு ஓட்டையே கிடையாது. செடியை வெளியே எடுங்கள். வேரைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக ஒரு பாசி இறுக்கி அடைத்திருக்கும். நர்சரியில் இருந்து வரும் ஸ்பாக்னம் பாசி அது. தொட்டியின் ஓரம் காய்ந்து தெரியும், நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்த நடுப்பந்துதான் எமன். குழாய்த் தண்ணீரில் காட்டி, விரலால் நிதானமாக அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வேரைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அழுத்துங்கள். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும். நனைந்ததும் பச்சை நிறம் ஏறும். தொட்டிக்குள் வெளிச்சமே படாமல் கிடந்த வேர் மஞ்சளாகத் தெரியலாம், கெட்டியாக இருந்தால் அதுவும் நல்ல வேர்தான். செத்த வேர் நசுங்கும். உறை கையோடு உருவிக்கொண்டு வரும், நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், வெட்டிவிடலாம். புது பிளேடு எடுங்கள், அல்லது பழையதை அடுப்புத் தீயில் காட்டி ஆறவிடுங்கள்.

வெட்டிய செடியை ஒரு நாள் நிழலில் சும்மா கிடக்க விடுங்கள். வெட்டுவாய் காயட்டும். பிறகு மிஞ்சிய வேர் கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு சின்னத் தொட்டி. இலையின் அகலத்தைப் பார்த்துப் பெரிய தொட்டி எடுக்காதீர்கள். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவே போதும். வேரின் நிறத்தைத் தினமும் பார்க்கலாம். உள்ளே போட அடுப்புக்கரித் துண்டும் கதம்பைத் (தேங்காய் மட்டை) துண்டும். கதம்பையை ஒரு வாரம் ஊறப்போட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, கறை இறங்கியபின் பயன்படுத்துங்கள். அடியில் கொஞ்சம் ஓட்டுச் சில்லு. மண் வேண்டாம். கோகோபீட்டும் வேண்டாம், அதுவும் பாசி மாதிரியே ஈரம் பிடிக்கும்.

தண்ணீர் எப்போது? வேர் வெள்ளி நிறத்துக்குத் திரும்பி, தொட்டி கையில் லேசாகும்போது. சித்திரை, வைகாசியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரலாம். ஐப்பசி அடைமழையில் வாரம் கடந்தும் வராமல் இருக்கலாம். காலண்டரைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள். ஊற்றுவதும் காலையில் மட்டும். சாயங்காலம் தெளிப்பதை விட்டேவிடுங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் தங்கி ராத்திரி முழுக்க நின்றால் குருத்து அழுகும். ஃபெலனாப்சிஸுக்கு வளரும் முனை அந்த ஒன்றுதான். அது போனால் அநேகமாகச் செடியும் போனது மாதிரிதான்.

புது வேர் வரும்வரை உரம் கூடாது. இன்னும் பூத்தண்டு நின்றால் வெட்டிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். கெட்டியான வேர் மூன்று நான்கு இருந்தால் பிழைத்துவிடும். சுருங்கிய இலை பழையபடி விறைக்காமலே இருக்கலாம். அதைப் பார்த்துக் கவலைப்படாமல், அடித்தண்டிலிருந்து பச்சை முனையோடு புது வேர் கிளம்புகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி – வண்ணார்பேட்டை: ஃபெலனாப்சிஸில் ஓர் இலை மஞ்சளாகிவிட்டது. பயமா இருக்கு.

பதில்: எந்த இலை என்று சொல்லவில்லையே. அடியிலுள்ள ஒரே இலை என்றால் வயதான இலை, தானாக விழும், பிய்க்காதீர்கள். மேல் இலை அல்லது குருத்து மஞ்சளானால் பெருமாள்புரத்துக்குச் சொன்னபடி இன்றே வேரைப் பாருங்கள்.

கேள்வி – வள்ளியூர்: போர் தண்ணிதான் ஊத்துகிறோம். தொட்டி விளிம்பிலும் கரியிலும் வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. வேர் நுனி கருகுது. உரம் குறைவா?

பதில்: உரம் கூடுதல், அதைவிடத் தண்ணீரில் உப்புக் கூடுதல். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பல கிணற்றில் தண்ணீர் சவர்தான். மண்ணில் நிற்கிற செடி ஓரளவு தாங்கும். ஆர்க்கிட் வேரின் நுனி அந்த உப்பைத் தாங்காது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். கருவி யாரிடமாவது இருந்தால் அளந்து பாருங்கள். 200-க்குள் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் மழைத்தண்ணீர்தான் முதல் மருந்து. ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், ஐந்தாறு செடிக்குப் பல மாதம் வரும். ஆர்.ஓ. தண்ணீரும் நல்லது. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். "வீணாகப் போகுதே" என்று பலர் அதைத்தான் செடிக்கு விடுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். இப்போதைக்கு நல்ல தண்ணீரைத் தொட்டி வழியே தாராளமாக ஓடவிட்டுக் கழுவுங்கள். வெள்ளை படிந்த கரியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி – தச்சநல்லூர்: ரோஜாவில் கரும்புள்ளி விழுது, என்ன அடிக்கலாம்?

பதில்: ரோஜா என் பாடம் இல்லை தம்பி. படத்தோடு உங்கள் ஊர் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள்.

கேள்வி – தென்காசி: ஆனியில் சாரல் தொடங்கினதில் இருந்து டென்ட்ரோபியம் இலையில் பழுப்புப் புள்ளி. ஒன்று மட்டும் ரெண்டே நாளில் இலை முழுக்கப் பரவி, தண்ணி கோத்து, தொட்டால் ஒரு நாற்றம். காப்பர் மருந்து கடையில் கொடுத்தாங்க. அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். டென்ட்ரோபியத்துக்குத் தாமிர மருந்து ஒத்துக்கொள்ளாது, இலை கொட்டிவிடும். விரிந்த பூ எந்த ஆர்க்கிட்டில் இருந்தாலும் அதன்மேல் தாமிரம் படக் கூடாது.

உங்களிடம் இரண்டு வேறு நோய் இருக்கிறது. மெதுவாக வளர்ந்து, காய்ந்த நடுவும் கருத்த விளிம்புமாக நிற்கிற புள்ளி பூஞ்சாணம். அதற்குப் பதற வேண்டாம், காற்றோட்டம் கொடுத்தால் அடங்கும். தண்ணீர் கோத்து நாற்றமடிப்பது பாக்டீரியா அழுகல். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். கறை முடிகிற இடத்தில் வெட்டினால் போதாது, அதைத் தாண்டி நல்ல பச்சையில் ஓர் அங்குலம் உள்ளே போய் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் தீயில் காட்டுங்கள். இதை நான் இன்று பலமுறை சொல்வேன், சலிப்படையாதீர்கள். ஆர்க்கிட்டுக்கு வரும் வைரஸ் நோய்களுக்கு மருந்தே இல்லை. அவை செடி விட்டுச் செடி போவது பெரும்பாலும் நம் பிளேடு வழியாகத்தான்.

வெட்டிய வாயில் லவங்கப்பட்டைத் தூளைக் கொஞ்சம் தொட்டு வைக்கலாம். செடியைத் தனியாக, கூரைக்கு அடியில் வையுங்கள். சாரலில் கெடுதல் மழையின் அளவு இல்லை. நாள் முழுக்கத் தூறி இலை காயவே இடம் கொடுக்காததுதான் கெடுதல். தார்சாவின் (வராந்தாவின்) உட்பக்கம், செடிக்கும் செடிக்கும் ஒரு சாண் இடைவெளி, முடிந்தால் ஒரு சின்ன மின்விசிறி. ஆவணி வரைக்கும் நீங்களாகத் தண்ணீர் ஊற்றுவதை மிகவும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி – என்.ஜி.ஓ. காலனி: பட்டைத்தூள் நல்லது என்று சொன்னார்கள். வேர் முழுக்கத் தூவிவிட்டேன். இப்போ வேரெல்லாம் காயுது.

பதில்: காயத்தான் செய்யும். பட்டைத்தூள் ஈரத்தை உறிஞ்சும். வெட்டுவாயில் மட்டும்தான் வைக்க வேண்டும். உயிர் வேரில் பட்டதைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி – மேலப்பாளையம்: இலை இடுக்கில் வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கு. கட்டெறும்பு வரிசையாப் போகுது. எறும்பு மருந்து போட்டேன், போகல.

பதில்: பஞ்சு மாவுப்பூச்சி. அது கழிக்கிற இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. பூச்சி போனால் எறும்பு போகும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். டென்ட்ரோபியம் என்றால் தண்டைச் சுற்றிக் காய்ந்த உறை இருக்கும், அதை உரித்துப் பாருங்கள், அடியில் ஒரு குடும்பமே இருக்கும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்கு சில சொட்டு சோப்புத் திரவம். விடியற்காலையில் அடித்து, காயும்வரை வெயில் படாமல் வையுங்கள். வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும். குருத்தில் தேங்கியதை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும், அதனால் வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள்.

கேள்வி – களக்காடு: அண்ணாச்சி, மச்சான் மலைக்கு வேலைக்குப் போனவன் ஒரு ஆர்க்கிட் கொண்டுவந்தான். மரக்கிளையில் இருந்தது. தொட்டியில் கரி போட்டு வச்சேன். ஒரு மாசமா இலை ஒவ்வொன்றா உதிருது. காப்பாத்தித் தாங்க.

பதில்: தம்பி, இதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனால் இதற்கு நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். களக்காடு மலை புலிகள் காப்பகம். அங்கிருந்து செடியை எடுப்பது 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தச் செடிக்கு உங்கள் வீட்டில் வாழ வழி இல்லை. மேகம் மூடிய மலையில், ராத்திரி குளிரில், ஈரக்காற்றில் இருந்ததைக் கீழே நாற்பது டிகிரியை நெருங்குகிற ஊருக்குக் கொண்டுவந்தால், கரியை மாற்றிப் போட்டு என்ன ஆகப்போகிறது? வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இனிமேல் எடுக்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

கேள்வி – அம்பாசமுத்திரம்: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்றில் முறிந்து விழுந்த கிளையில் இருந்திருக்கலாம். தரையில் கிடந்தால் அழுகித்தானே போகும்? எடுத்து வந்தது புண்ணியம்.

பதில்: விழுந்ததைக் காப்பாற்ற மலையிறங்க வேண்டியதில்லை. கண்டவர் அதைத் தூக்கி, அங்கேயே பக்கத்து மரக்கவட்டில் சொருகியிருந்தால் அது பிழைக்க வாய்ப்பு உண்டு. வனத்துறை ஆளிடம் சொல்லியிருந்தால் அவர்களே செய்வார்கள். "விழுந்தது" என்று சொல்லித்தான் எல்லாச் செடியும் கீழே வருகிறது. ஒரு ஊர் முழுக்க இதே புண்ணியத்தைச் செய்தால் மலையில் என்ன மிஞ்சும்?

கேள்வி – கடையம்: அப்போ எங்க தோப்பு மாமரத்தில் தானாக வளர்கிற ஆர்க்கிட்டைத் தொடலாமா, கூடாதா? ரோடு அகலப்படுத்த மரத்தை வெட்டப் போறாங்க.

பதில்: நல்ல கேள்வி. சமவெளி மாமரத்திலும் வேம்பிலும் வளர்வது அநேகமாக வாண்டா டெசலேட்டா. பட்டையான நீள இலை, மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட இதழ், நல்ல வாசனை. நம் வெயிலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வாழ்கிற ஆர்க்கிட் அது. மரம் உங்களுடையது, வெட்டுவதும் உறுதி என்றால், வேர் பற்றியிருக்கிற பட்டையோடு சேர்த்துப் பெயர்த்து, சொரசொரப்பான பட்டையுள்ள இன்னொரு மரத்தில் கட்டுங்கள். வேரை மரத்திலிருந்து பிய்த்தால் முறியும், அதனால்தான் பட்டையோடு. வாழைநாரிலோ பருத்தித் துணியிலோ கட்டினால் வேர் பிடிக்கும் நேரத்தில் அது இற்றுவிடும். கிழக்குப் பக்கமாகக் கட்டுங்கள், மேற்கு வெயில் வேண்டாம். மரம் நிற்கப்போகிறது என்றால் செடியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி – அம்பாசமுத்திரம்: மறுபடியும் நான்தான். அழிந்துவரும் இனத்தை நாலு வீட்டில் வளர்த்தால்தானே மிஞ்சும்? காட்டில் விட்டு அழிவதைப் பார்ப்பது என்ன பாதுகாப்பு?

பதில்: அண்ணே, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மலைக்கே சொந்தமான ஓர் ஆர்க்கிட் உண்டு, பாஃபியோபெடிலம் ட்ரூரியை. மஞ்சள் பூ, இதழ் நடுவே கருஞ்சிவப்புக் கோடு, முன்னால் பாதுகை போன்ற ஒரு பை. உலகத்தில் அகத்தியமலைத் தொடரில் மட்டும்தான் இயற்கையாக இருக்கிறது. அதைக் குறைத்தது காட்டுத்தீ மட்டும் அல்ல. வீட்டிலும் கண்ணாடிக் கூடத்திலும் வளர்க்க ஆசைப்பட்டவர்கள் மூட்டை மூட்டையாகப் பெயர்த்தார்கள். அழகானது, அரியது, நாம் வைத்திருந்தால் பிழைக்கும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். இன்றைக்கு இந்தப் பாஃபியோபெடிலம் வகை முழுக்க நம் நாட்டுச் சட்டத்தில் தனியாகப் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்படுகிறது. பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டீஸிலும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது.

வீட்டில் வளர்ப்பது ஏன் பாதுகாப்பு ஆகாது? ஒரு செடியை வீட்டில் வைத்தால் ஒரு செடிதான், அது இனம் ஆகாது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கில் விதை இருக்கும், தூசி அளவுதான். அந்த விதைக்குள் முளைக்கத் தேவையான உணவு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சாணம் வந்து சேர்ந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். மகரந்தம் சேர்க்கவும் அந்தந்தப் பூச்சி வேண்டும். உங்கள் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) அந்தப் பூஞ்சாணமும் இல்லை, அந்தப் பூச்சியும் இல்லை. செடி பூக்கும், ஒரு நாள் சாகும், அத்தோடு முடிந்தது.

பெருக்குவதற்கு வேறு வழி இருக்கிறது. 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பூஞ்சாணம் இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரே ஒரு காயிலிருந்து கண்ணாடிக் குப்பியில் ஆயிரம் நாற்று எடுக்கலாம், தாய்ச்செடி காட்டிலேயே இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா மாதிரி இடங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. கடையில் நாம் வாங்குகிற டென்ட்ரோபியமும் ஃபெலனாப்சிஸும் பெரும்பாலும் இப்படி ஆய்வகத்தில் பிறந்தவைதான். அதை வாங்குங்கள், ஆசைதீர வளருங்கள். அருவிக்கரையில் யாராவது வேர் அறுபட்ட, பாசி படிந்த, ஒழுங்கில்லாத இலையோடு ஒரு "மலை ஆர்க்கிட்" விற்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். வாங்குகிற ஆள் இருக்கும்வரை பெயர்க்கிற ஆளும் இருப்பான்.

இதற்குமேல் இந்த வாதம் இங்கே வேண்டாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி – கே.டி.சி. நகர்: ஃபெலனாப்சிஸ் நல்ல ஆரோக்கியமா இருக்கு, ஆறு இலை. பூ மட்டும் வரல.

பதில்: இலை என்ன பச்சை? கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை. கொஞ்சம் வெளுத்த பச்சைதான் பூக்கும் இலை. கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள், காலை வெயில் ஒன்றரை மணி நேரம் மெல்லிய திரை வழியாகப் படலாம். பத்து மணிக்கு மேல் நேர்வெயில் பட்டால் இலையில் வெள்ளையாக வெந்து, அப்புறம் கருக்கும். அந்தத் தழும்பு போகாது.

வெளிச்சம் சரியென்றால் அடுத்தது குளிர்ச்சி. ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விட, சில வாரம் தொடர்ந்து 25 டிகிரி அளவிலோ அதற்குக் கீழோ வெப்பம் இறங்க வேண்டும். நம் சமவெளியில் மார்கழி, தை ராத்திரிகளில்தான் அதற்குக் கொஞ்சம் வாய்ப்பு. அதனால் கார்த்திகை முடிவிலிருந்தே செடியை ராத்திரி திறந்த ஜன்னல் ஓரம் வையுங்கள். ஏசி அறையில் படுப்பவர்கள் செடியையும் அங்கே வைக்கலாம், ஏசிக் காற்று நேராகப் படாத மூலையில். பூத்தண்டு தெரிந்தபின் இடத்தை மாற்றாதீர்கள், மொட்டு உதிரும். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு நம்மைவிட இது எளிது.

கேள்வி – சாந்தி நகர்: அடி இலை ஒன்று மஞ்சள்.

பதில்: வண்ணார்பேட்டைக்குச் சொன்னதேதான்.

கேள்வி – மகாராஜ நகர்: ஃபெலனாப்சிஸ் ரெண்டு வருஷமா பூக்கல. ஏன்?

பதில்: இதற்கு முந்தின கேள்விகளைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கே.டி.சி. நகருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

கேள்வி – டவுண்: அரிசி கழுவின தண்ணி, டீத்தூள், முட்டை ஓடு, பஞ்சகவ்யம், இதில் எது நல்லது? வீடியோவில் எல்லாமே சொல்லுதாங்க.

பதில்: மண்ணில் கிருமிகள் இருந்து இவற்றை மக்கவைக்கும், செடி எடுத்துக்கொள்ளும். கரித்தொட்டியில் அந்த மண் இல்லை. அரிசித் தண்ணீர் புளிக்கும், எறும்பும் சின்ன ஈயும் வரும், வேரில் வழவழப்புப் படியும். டீத்தூள் தொட்டியை அடைத்து ஈரம் பிடிக்கும். முட்டை ஓடு அங்கேயே கிடக்கும். இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். பஞ்சகவ்யம் போட்டே தீருவேன் என்பவர்கள் துணியில் வடிகட்டி, நன்றாக நீர்க்கவிட்டு, வளரும் டென்ட்ரோபியத்துக்கு மட்டும் எப்போதாவது கொடுக்கலாம். நான் சொல்வது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம், செடி வளர்கிற காலத்தில் வாரம் ஒருமுறை, மாதத்தில் ஒரு வாரம் வெறும் தண்ணீர். வேரை நனைத்த பிறகுதான் உரத் தண்ணீர், காய்ந்த வேரில் நேராக ஊற்றாதீர்கள். சீக்குச் செடிக்கு எந்த உரமும் கிடையாது.

கேள்வி – பேட்டை: மாடியில் தொங்கும் வாண்டா. ஆடிக்காற்றில் இலை சுருங்கி, கீழ் இலை கொட்டுது. வேர் காகிதமா இருக்கு. தொட்டியில் மண் போட்டு நட்டுடலாமா?

பதில்: நட்டால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். வாண்டா வேர் முழுக்கக் காற்றில்தான் இருக்க வேண்டும். உங்கள் செடிக்கு இது உண்மையான தாகம். இன்றைய கேள்விகளில் தண்ணீர் குறைவால் வாடுகிறது உங்களுடையது ஒன்றுதான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று காலையில் நனைத்த வேரை அரை மணியில் காயவைத்துவிடும். செடியைக் காற்று மறைகிற கிழக்குச் சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். தினமும் காலையில் வாளித் தண்ணீரில் வேரைக் கால் மணி நேரம் முக்கி வையுங்கள், வெள்ளை வேர் பச்சையாகும்வரை. நடுப்பகல் கழிந்து இன்னொரு முறை வேரில் மட்டும் தெளியுங்கள். நாலு மணிக்கு மேல் வேண்டாம், குருத்து காய்ந்துதான் ராத்திரிக்குள் போக வேண்டும். கொட்டிய இலை திரும்ப வராது. மேலே குருத்து பச்சையாக இருந்தால் செடி மீளும்.

கேள்வி – சுரண்டை: டென்ட்ரோபியம் பழைய தண்டின் உச்சியில் குட்டிச் செடி முளைச்சு வேரும் விட்டிருக்கு. பூ வரல. நல்லதா கெட்டதா?

பதில்: குட்டிக்கு நல்லது, தாயைக் கவனியுங்கள். அடிவேர் அழுகினாலும், உரத்தில் தழைச்சத்து கூடினாலும் பூவுக்குப் பதில் குட்டி வரும். தாயைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். குட்டியின் வேர் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளட்டும், பிறகு தாய்த்தண்டில் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டுங்கள். பிளேடைத் தீயில் காட்டுங்கள். சின்னத் தொட்டியில் ஒரு குச்சியோடு கட்டி அசையாமல் வைக்க வேண்டும், அசைந்தால் புது வேர் நுனி ஒடியும். இன்னொன்று, இலை இல்லாத பழைய தண்டுகளைக் காய்ந்தது என்று வெட்டிவிடாதீர்கள். பச்சையாக, தடிப்பாக இருக்கும்வரை அதுதான் செடியின் சேமிப்பு, அதிலிருந்தும் பூ வரும்.

கேள்வி – திசையன்விளை: இதுவரை ஆர்க்கிட் வளர்த்ததில்லை. இதையெல்லாம் படிச்சா பயமா இருக்கு. எதில் தொடங்கலாம், எப்படிப் பார்த்து வாங்க?

பதில்: டென்ட்ரோபியம் வாங்குங்கள், சோனியா மாதிரி ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிற வகை. நம் வெயிலைத் தாங்கும், பாதி நிழல் தரும் பச்சை வலைக்கு அடியில் வைத்தால் போதும். கடற்காற்று நேராக அடிக்கிற பக்கம் வேண்டாம். தண்ணீர் சவர் என்றால் வள்ளியூருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கடையில் பூவைப் பார்த்து மயங்காமல், தொட்டியைக் கையில் எடுத்து லேசாக அசையுங்கள். செடி ஆடினால் வேர் பிடிக்கவில்லை, வைத்துவிடுங்கள். தொட்டி ஓட்டை வழியே வேர் கெட்டியாகத் தெரிய வேண்டும், அடியில் புதுத் தளிர் ஒன்றாவது இருக்க வேண்டும், இலை இடுக்கில் பஞ்சு இருக்கக் கூடாது. பூ முழுக்க விரிந்ததைவிட மொட்டோடு இருப்பதை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். உடனே தொட்டி மாற்ற வேண்டாம், பூ முடியட்டும். அடியில் கோகோபீட் அடைத்திருந்தால் மட்டும் பூவோடு இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால்.